அட்டையில ஒரு வட்டக்கோட்டை: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழ்ல வார்கேம் பத்தி எழுதியிருந்தேன், அதாவது ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுன உசரத்துல உள்ள சிப்பாய்ப் பொம்மைகள மேசையில அணி அணியா நிறுத்தி, டேப் வச்சு அளந்து நகத்தி, டைஸ் உருட்டி பழைய சண்டைகள திரும்ப நடத்திப் பாக்குற விளையாட்டு. கடைசியில "வீடு, கோட்டை எல்லாம் காசு குடுத்து வாங்காண்டாம், கையாலயே செய்யலாம்"னு ஒரு வரி போட்டேன். சிப்பாய் பத்தி ஒருத்தரும் கேக்கல, அந்த ஒரு வரியப் பிடிச்சுத்தான் எல்லாரும் எழுதியிருக்கீங்க. சரி, கட்டடத்துக்கே போவோம்.

அண்ணாச்சி, நாங்க நாலு பேரு சேந்து திருவிதாங்கூரும் டச்சுக்காரங்களும் மோதுன 1741 கொளச்சல் சண்டைய மேசையில போடலாம்னு இருக்கோம். உதயகிரிக் கோட்டை, வெற்றித் தூண், கடற்கரையில வரிசையா ஓட்டு வீடு, இவ்வளவும் செய்யணும். எதுல இருந்து தொடங்க?
(கல்லூரி மாணவர், கொளச்சல்)

தம்பி, முதல்ல அந்த லிஸ்ட்டுல மூணையும் அடிச்சிருங்க, கோவப்படாதீங்க. வெற்றித் தூண் சண்டை முடிஞ்ச பொறவு அதோட நினைவுக்கு வச்சது, அது சண்டை நடக்கும்போதே நின்னா டச்சுக்காரன் பாத்துட்டு அப்பவே கப்பலேறிப் போயிருப்பான். உதயகிரியில முந்தியே ஒரு மண்கோட்டை உண்டு, ஆனா நாம இப்ப புலியூர்க்குறிச்சியில போய் பாக்குற கருங்கல் மதில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்துல 1741க்கும் 1744க்கும் இடையில எழும்பினது, அந்த வேலைய மேல்பார்வை பாத்ததே கொளச்சல்ல தோத்துப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய்தான், பின்ன எப்படி அவரு தோக்குற மேசையில அவரு கட்டுன கோட்டை நிக்கும். அது கடற்கரையிலயும் இல்ல.

ஓட்டு வீடு விஷயத்துலதான் முக்காவாசிப் பேரு சறுக்குறாங்க. ஒண்ணுக்கொண்ணு மாட்டிக்கிடுற தட்டையான ஓடு இருக்கில்ல, மங்களூர் ஓடு, அந்த ஃபேக்டரிய பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல தொடங்கினது 1865ல. கொளச்சல் சண்டைக்கு நூறு வருசத்துக்கு மேல கழிச்சு வந்த ஓடு அது. 1741 மேசைக்கு ஓலைக் கூரை போடுங்க, ஊர்ல ஒண்ணு ரெண்டு பெரிய வீட்டுக்கு மட்டும் குழல் மாதிரி வளைஞ்ச நாட்டு ஓடு போடுங்க. சிப்பாய் சட்டையில பட்டன் எத்தனைன்னு சண்டை போடுற ஆளுங்க கூரைய மட்டும் கண்டுக்கிடாம விடுறது எனக்கு என்னைக்கும் விளங்குனதில்ல.

அப்ப என்னதான் செய்யன்னு கேப்பீங்க. டச்சுக்காரங்க கரையில மரக்கட்டை நட்டு ஒரு அடைப்பு கட்டி உள்ள இருந்தாங்க, அதுதான் உங்க மேசையோட நடு நாயகம். 28 மிமீ சிப்பாய்னா 3 மிமீ தடிமன் உள்ள கபாப் குச்சி வாங்குங்க, 45ல இருந்து 50 மிமீ வரைக்கும் ஒண்ணுபோல இல்லாம வெட்டுங்க, நுனிய லேசா சீவி விடுங்க, 10 சென்டிமீட்டர் நீள அட்டைத் துண்டுல நெருக்கமா நட்டு அடியில புட்டி வச்சு மண் அணைச்ச மாதிரி பண்ணுங்க. சின்ன அளவு, 15 மிமீ சிப்பாய்னா எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்திக் குச்சியே போதும், கோயில்ல கேட்டா ஒரு கட்டு சும்மா குடுப்பாங்க. ரெண்டு துண்டுல பீரங்கி வாய் வைக்க இடைவெளி விடுங்க. திருவிதாங்கூர் குண்டு விழுந்து உள்ள இருந்த வெடிமருந்து பத்தி அரிசி எல்லாம் எரிஞ்சு போனதுலதான் அவங்க கதை முடிஞ்சதுன்னு வரலாறு சொல்லுது, அதனால அதே நீளத்துல கருகிச் சாஞ்ச துண்டு ரெண்டு தனியா செஞ்சு வச்சுக்கிடுங்க, ஆட்டத்துல தீப்பிடிச்சதும் நல்ல துண்ட எடுத்துட்டு இத வச்சிரலாம். மிச்சத்துக்கு ஓலைக் குடில் ஆறேழு, கரையேத்தி வச்ச கட்டுமரம் நாலு, தென்ன கொஞ்சம். மேசை நெறஞ்சு போச்சு.

28 மிமீங்கிறாங்க, 15 மிமீங்கிறாங்க, 1க்கு 56ங்கிறாங்க, ஒண்ணும் புரியல. கன்னியாகுமரி பக்கத்துல கடலோரமா நிக்கிற வட்டக்கோட்டைய செய்ய ஆசை. எந்த அளவுல செஞ்சா சரியா வரும்?
(வங்கி ஊழியர், மார்த்தாண்டம்)

மிமீங்கிறது சிப்பாயோட உசரம். அத விகிதமா மாத்துனா 28 மிமீ கிட்டத்தட்ட 1க்கு 56, 15 மிமீ 1க்கு 100, 6 மிமீ 1க்கு 300. வீடு கட்டுறதுக்கு நம்ம ஆளுங்க அடிக்கணக்குலதான் யோசிப்போம், அதனால இப்படி மனசுல வச்சுக்கிடுங்க: நெச ஒரு அடிக்கு 28ல அஞ்சரை மிமீ, 15ல மூணு மிமீ, 6ல ஒரு மிமீ. இதுக்கு மேல கணக்கு வேண்டாம்.

இப்ப வட்டக்கோட்டைக்கு வருவோம். பேருதான் வட்டம், உள்ள போனா சதுரமாத்தான் கெடக்கும், ஏறக்குறைய மூணரை ஏக்கர். அத ஒரே சதுரமா நெனச்சா ஒரு பக்கம் 390 அடி வரும். மதில் உசரம் 25 அடி சுமாரா வச்சுக்கிடுங்க. இத 28 மிமீ அளவுல அப்படியே செஞ்சீங்கன்னா மதில் 13 சென்டிமீட்டர் சொச்சம்தான், பாக்க ஜோரா இருக்கும், ஆனா ஒரு பக்கம் ஏழு அடி நீளம் வரும், வீட்டுல கட்டில தூக்கி வெளிய போட்டுட்டு கோட்டைய உள்ள வைக்கணும். அதே கோட்டை 6 மிமீ அளவுல 40 சென்டிமீட்டருக்கு அடங்கிரும், மதில் ரெண்டரை சென்டிமீட்டர்.

ஆக கோட்டை முழுசும் வேணும்னா 6 மிமீ. 28தான் வேணும்னு பிடிவாதம்னா உசரத்த மட்டும் அளவுப்படி வச்சுட்டு நீள அகலத்த தாராளமா சுருக்குங்க. மேசையில டேப்புல அளக்குற தூரமும் சிப்பாய் உசரமும் ஒரே விகிதத்துல இருக்குறதே இல்ல, அப்படி இருந்தா துப்பாக்கிக் குண்டு மேசையத் தாண்டி அடுக்களைக்குப் போயிரும், அதனால கட்டடத்த சுருக்குறது கள்ளத்தனம் இல்ல, எல்லாரும் பண்ணுறதுதான். ஒரு தெருவுக்கு ரெண்டு வீடு, ஒரு கோட்டைக்கு ஒரு வாசலும் ரெண்டு கொத்தளமும் ஒரு கடல் பக்கத்து மதிலும். கடல்ல இருந்து பாக்குறவன் கண்ணுக்கு அதுதான் வட்டக்கோட்டை.

சுருக்கக் கூடாதது ரெண்டு உண்டு. வாசல், படி. சிப்பாய் காலுக்கடியில பேஸ் இருக்கும், அதுவே மூணு மிமீ உசரம், 25 மிமீ வட்டம். ஆறடிக் கதவு கணக்குப்படி 33 மிமீதான், ஆனா பேஸோட நிக்கிற ஆளுக்கு பக்கத்துல அது கோழிக்கூட்டு வாசல் மாதிரி தெரியும், 38 வைங்க. மதில் மேல நடைபாதை 30 மிமீக்குக் கொறையாம விடுங்க, இல்லன்னா ஆள் நிக்காது, ஆள் நிக்காத மதில் ஷோகேசுக்குத்தான் ஆவும்.

என் மகன் பத்தாம் கிளாஸ். மீன்காரர்ட்ட இருந்து தெர்மாகோல் பெட்டி வாங்கிட்டு வந்து வீடு முழுக்க வெள்ளைத் தூளு. அதுக்கு மேல ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சானாம், கோட்டை உருகிக் குழி விழுந்து போச்சு. இப்ப சூடு கம்பி வச்சு வெட்டப் போறேங்கிறான். விடலாமா?
(தாயார், தக்கலை)

ஸ்ப்ரே கேன்ல இருக்குற தின்னர்தாங்க தெர்மாகோல உருக்குது, பையன் கைமேல குத்தம் இல்ல. முதல்ல ஃபெவிகால்ல பாதி தண்ணி விட்டு, அதுல கொஞ்சம் கறுப்பு அக்ரிலிக் கலந்து, ஒரு இண்டு இடுக்கு விடாம பூசி நல்லா காய விடச் சொல்லுங்க. அதுக்கு மேலயும் பிரஷ்ல அக்ரிலிக் பூசுறதுதான் நல்லது, ஸ்ப்ரே ஆசைய இதுல விட்டுரலாம்.

தூளு பறக்குறது மீன்பெட்டித் தெர்மாகோலோட குணம், அது முத்து முத்தா ஒட்டி வச்சது, அறுத்தா உதிரும். அத உள்ளுக்குள்ள மொத்தமா நெறைக்குற எடத்துக்கு, குன்று, மேடு மாதிரி, வச்சுக்கிடட்டும். வெளியே தெரியுற சுவருக்கு எக்ஸ்பிஎஸ்னு ஒரு ஃபோம் உண்டு, கூரைக்கும் குளிர் அறைக்கும் சூடு தடுக்கப் போடுறது, முத்து இல்லாம நெருக்கமா இருக்கும், பிளேடு போட்டா வெண்ணெய்யில இறங்குற மாதிரி இறங்கும், பேனா ரீஃபில வச்சு அழுத்திக் கோடு போட்டா கல் வரிசை அப்படியே நிக்கும். அலுமினியம் ஃபாயில கசக்கி உருண்டையாக்கி அதுமேல உருட்டுனா கருங்கல் சொரசொரப்பு வந்துரும்.

சூடு கம்பி விடலாமான்னா, ஜன்னல் தொறந்து, ஃபேன் புகைய வெளிய தள்ளுற மாதிரி வச்சு, நீங்களோ அவங்க அப்பாவோ பக்கத்துல இருந்தா விடலாம், பேட்டரியிலயோ அடாப்டர்லயோ ஓடுறதா இருக்கணும், கரண்ட்ல நேரா சொருகுற எந்த வீட்டுத் தயாரிப்பும் வேண்டாம். ஆனா ஒண்ணு, ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில சன் போர்டுன்னு வெள்ளையா ஒண்ணு கெடைக்கும், வெட்டுத் துண்டு சும்மாவே தருவாங்க, சுவருக்கு அருமையான சாமான், ஆனா அதுல பிவிசி வகை உண்டு. அதுல சூடு கம்பி படவே கூடாது, பிவிசி சூடானா வர்ற புகையில ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நெஞ்சு எரிஞ்சு போயிரும். சன் போர்டுன்னா பிளேடும் ஸ்டீல் அடிஸ்கேலும் மட்டும். பிளேட ஒரே அழுத்துல வெட்டாம மூணு நாலு தரம் லேசா ஓட்டச் சொல்லுங்க, விரலு வெட்டுப்படுறது பெரும்பாலும் மழுங்குன பிளேடுல அழுத்தும்போதுதான்.

மைதாப் பசை போதாதா? ஃபெவிகால் விலைய பாத்தீங்களா?
(பெயர் வேண்டாம், இரணியல்)

ஒட்டும். பொறவு கரப்பான் வந்து உங்க கோட்டைய முற்றுகை போடும்.

பத்மநாபபுரம் அரண்மனைய பள்ளிக்கூடக் கண்காட்சிக்கும் வைக்கணும், பிள்ளைங்க அதுல விளையாடவும் செய்யணும். பிளான் எங்க கிடைக்கும்? அந்தத் தரை பளபளப்பு, மந்திரசாலை ஜன்னல் எல்லாம் எப்படிக் கொண்டு வர?
(ஆசிரியை, வேர்க்கிளம்பி)

டீச்சர், முழு அரண்மனைக்குப் போகாதீங்க, கோட்டைக்குள்ள ஆறு ஏக்கருக்கு மேல பரந்து கெடக்குறது, ஒவ்வொரு காலத்துல ஒவ்வொண்ணா சேத்துச் சேத்துக் கட்டுனது, தாய்க்கொட்டாரம்தான் அதுல பழசு. பூமுகமும் (முகப்பு மண்டபம்) அதுக்கு மேல இருக்குற மந்திரசாலையும் (ராஜா ஆலோசனை நடத்துற கூடம்) மட்டும் எடுத்துக்கிடுங்க, பாத்த உடனே பிள்ளைங்க பேரு சொல்லிரும்.

பிளானுக்குக் காத்திருக்க வேண்டாம். திங்கக்கிழமை பூட்டியிருக்கும், மத்த நாள்ல போங்க, நம்ம ஜில்லாவுல இருந்தாலும் கேரள அரசு தொல்லியல் துறை கையில உள்ளது, கேமராவுக்குத் தனி டிக்கெட்டு உண்டு. ஒரு பிள்ளைய சுவருக்குப் பக்கத்துல நிறுத்தி நேருக்கு நேரா படம் எடுங்க, சாச்சு எடுத்தா கணக்கு தப்பும். பிள்ளை உசரம் உங்களுக்குத் தெரியும், படத்துல பிள்ளை மாதிரி எத்தனை மடங்கு தூண், எத்தனை மடங்கு கூரைன்னு அடிஸ்கேல்ல அளந்தா அதுவே பிளான். அப்படி அளந்தா ஒண்ணு தெரியும், கட்டடத்துல பாதிக்கு மேல கூரைதான், சுவரு சும்மா அதுக்குக் கீழ பதுங்கி நிக்கும். நம்ம ஊர்க் கட்டடம் செய்யுற புதுசுங்க சுவர உசத்தி கூரைய தட்டையா போட்டுருவாங்க, உடனே அது மெட்ராஸ் பங்களா ஆயிரும். கூரை செங்குத்தா இறங்கி சுவருக்கு வெளிய நல்லா நீட்டிக்கிட்டு நிக்கட்டும்.

தரைக்கு அங்க கரிச்ச சிரட்டை, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்தாங்கன்னு சொல்லுவாங்க. நமக்கு அது வேண்டாம். வழுவழுன்னு இருக்குற சார்ட் அட்டையில கறுப்பு அக்ரிலிக் ரெண்டு கோட்டு, நல்ல உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, மேல கிளாஸ் வார்னிஷ் ரெண்டு கோட்டு. அட்டைய ஒட்டுறதுக்கு முன்னாடியே இத முடிச்சிரணும், சுவரு எழும்புன பொறவு மூலைக்கு பிரஷ் போகாது. மரச் சட்டம் போட்ட ஜன்னலுக்கு டீ வடிகட்டி வலையோ எம்பிராய்டரி துணியோ சாய்ச்சு வெட்டிப் போடுங்க. மந்திரசாலையில மைக்கா பதிச்ச கலர் ஜன்னல் உண்டே, அதுக்கு ஓஹெச்பி ஷீட்ல, அதான் கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்ல, கண்ணாடி பெயின்ட். கூரையத் தாங்குற செதுக்குக் கைகளுக்கு ஒடைஞ்ச ஹேர்கிளிப், பழைய சீப்புப் பல்லு, சேலை லேஸ், எது வளைஞ்சு நெளிஞ்சு இருக்கோ அது. ப்ரௌன் அடிச்சிட்டா யாரு கேக்கப் போறா.

விளையாடணும்னா கூரை கழண்டு வரணும், மேல் மாடி தனியா தூக்க வரணும். மூலைக்கு மூலை சின்ன அட்டை முக்கோணம் ஒட்டி அதுமேல உக்காருற மாதிரி பண்ணுங்க, பசை வேண்டாம். கண்காட்சி ஆளுங்க "தொடாதீங்க" போர்டு வைக்கச் சொல்லுவாங்க, வைக்காதீங்க டீச்சர், கைபடத்தான் செய்யுறது. அதனால நீட்டுன ஓரங்கள மட்டும் அட்டைக்குப் பதிலா ஐஸ்கிரீம் குச்சியில செஞ்சிருங்க, முதல்ல ஒடையுறது அதுதான்.

ஓலைக் கூரைக்கு டவல் துணி ஒட்டலாம்னு வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல பாத்தேன். நல்லாருக்குமா?
(கருங்கல்)

அவங்களுக்குத் தென்னை இல்ல, டவல் ஒட்டுறாங்க. கருங்கல்ல இருந்துகிட்டு உங்களுக்கு என்ன கேடு? தும்பு, அதான் தேங்கா நாரு, எடுத்து ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கூரை அட்டையில கீழ இருந்து மேல வரிசை வரிசையா ஒட்டிட்டு வாங்க, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையில பாதிய மூடணும், நெச வீட்டுல வேயுறதும் அப்படித்தான. தும்பு முரடா இருந்தா தோவாளையில பூக்கட்ட வச்சிருக்குற வாழைநார், அத ஊசியால கிழிச்சு மெல்லிசாக்குனா 15 மிமீக்கும் சரியா வரும். முடைஞ்ச ஓலை மாதிரி வேணும்னா பன்னாடை, தென்ன மட்டை அடியில வலை மாதிரி இருக்குமே அது, ரெண்டு அடுக்கு போட்டாலே போதும், இயற்கையாவே குறுக்கும் நெடுக்குமா இழை ஓடும். எதுவானாலும் வெயில்ல நல்லா காய வச்சு, ஒட்டுன பொறவு தண்ணி விட்ட ஃபெவிகால மேல தடவிருங்க, இல்லன்னா பூச்சி வரும். புது ஓலை நிறம் ஒரு வீட்டுக்கு மட்டும் வைங்க, மத்ததெல்லாம் சாம்பல் பூத்த ப்ரௌன், ஓலை மழை கண்டா அப்படித்தான் போகும்.

பழைய தும்பு மிதியடி வீட்டுல கெடந்தா தூரப் போடாதீங்க. சதுரம் சதுரமா வெட்டி மஞ்சப் பச்சை தடவுனா வெளைஞ்ச நெல் வயல்.

குலசேகரத்துல ரப்பர் தோட்டம் இருக்கு. ரப்பர் பால்ல அச்சு எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?
(குலசேகரம்)

உண்மை, சொல்லப்போனா வெளியூர்க்காரன் பாட்டில்ல காசு குடுத்து வாங்குறது உங்க தோட்டத்துல சொட்டுது. ஆனா வெட்டுன பால் அப்படியே வச்சா சில மணி நேரத்துல தெறைஞ்சிரும், அமோனியா சேத்த பால்தான் நிக்கும், அத தோட்டத்துல தெரிஞ்சவங்கள வச்சுச் செய்யுங்க, அமோனியா நெடி கண்ணப் பிடுங்கும்.

வேலை இப்படி: ஒரு நல்ல தூணோ கொத்தளத்துக் கல் வரிசையோ ஒண்ணே ஒண்ணு பாத்துப் பாத்துச் செஞ்சு, அதுக்கு வார்னிஷ் அடிச்சு, மேல பால மெல்லிசா பூசணும். வெள்ளை போய் கண்ணாடி மாதிரி மஞ்சளிச்ச பொறவு அடுத்த கோட்டு. பத்து கோட்டாவது வேணும், முதல் ரெண்டு கோட்டுல குமிழி இருந்தா ஊசியால குத்தி விட்டுருங்க. கழத்துறதுக்கு முன்னால முகத்துக்குப் போடுற பவுடர மேல தூவுங்க, இல்லன்னா ரப்பர் தன்னோட தானே ஒட்டிக்கிட்டு பிரியாது. பித்தளை, செம்பு சாமான அச்சு எடுக்க ஆசைப்படாதீங்க, செம்பு பட்டா ரப்பர் கெட்டுப் போகும். அச்சுக்குள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்துங்க, தண்ணியில பொடியப் போடணும், பொடியில தண்ணிய ஊத்தக் கூடாது, ஒரு பங்கு தண்ணிக்கு ரெண்டு பங்கு பொடி கிட்ட வரும். ஒரு தூண் செஞ்ச பாட்டுக்கு நாப்பது தூண் கெடைக்கும். அச்ச வெயில்ல போடாதீங்க, சீக்கிரம் வெடிச்சிரும்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குனதும் என் அட்டை வீடு எல்லாம் வளைஞ்சு போச்சு. ஐப்பசி மழை வேற வரும். என்ன செய்ய?
(திருவட்டார்)

ரெண்டு மழையும் பெய்யுற ஜில்லாவுல அட்டைய நம்புனா இந்தப் பாடு உண்டு. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட், பசை பூசுனா அந்தப் பக்கம் காயும்போது சுருங்கி இழுக்கும், அதான் வளைவு, மழை அத அதிகமாக்கும். உள்பக்கமும் அதே நேரத்துல ஒரு கோட்டு பூசிருங்க, யாரும் பாக்காட்டியும் சரி. ரெண்டு அட்டைய ஒட்டும்போது ஒண்ணோட நெளி நெடுக்கயும் இன்னொண்ணோடது குறுக்கயும் ஓடணும். சுவரு மூலைக்கு உள்ள மூங்கில் குச்சி ஒட்டுங்க. பேஸ் மட்டும் அட்டை வேண்டவே வேண்டாம், 3 மிமீ சன் போர்டு போடுங்க, அது தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஏற்கெனவே வளைஞ்சத சரி பண்ண, வளைஞ்சதுக்கு எதிர்ப்பக்கம் லேசா ஈரம் தடவி, தட்டையா வச்சு, மேல கனமா புத்தகம் வச்சு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க, முக்காலும் நிமிரும்.

மணவாளக்குறிச்சி கருமணல் ரோடு, தரைக்கு அழகா இருக்குமே, அள்ளலாமா?
(மண்டைக்காடு)

வேண்டாம். அது தாது மணல், அதுல மோனசைட் இருக்கு, அதுக்குள்ள தோரியம், பிள்ளைங்க கைவச்சு விளையாடுற மேசைக்கு எதுக்கு அது. சாதாரணக் கடல் மணலும் கழுவாம ஒட்டாதீங்க, உப்பு ஈரத்த இழுத்து பெயின்ட உரிச்சிரும். வீட்டு வேலை நடக்குற எடத்துல எம் சாண்ட் தூசி ஒரு சிரட்டை வாங்கி சல்லடையில சலிச்சா மேசைக்கு வருசம் பூரா காணும்.

3டி பிரிண்டர் வந்துட்ட காலத்துல கையால அட்டை வெட்டுறது நேர விரயம் இல்லையா? அதுவும் வயசானவங்க பொம்மை வச்சு விளையாடிக்கிட்டு?
(நாகர்கோவில்)

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன். பிரஷ்ய ராணுவம் 1824லயே இந்த மாதிரி மேசைப் போர வச்சு ஆபீசர்களுக்குப் பயிற்சி குடுத்துச்சு, அவங்களுக்கும் மீசை நரைச்சுத்தான் இருந்திருக்கும்.

பிரிண்டர் விஷயம், இருந்தா பயன்படுத்துங்க, பீரங்கிச் சக்கரம், தூண் எல்லாம் அது நல்லா எடுக்கும். ஆனா ஃபைல் வேணுமே. நார்மண்டி பண்ணை வீடு, ஜெர்மன் சர்ச்சுன்னா ஆயிரம் ஃபைல் கெடைக்கும், நம்ம ஊர் நாலுகட்டு வீட்டுக்கும் உப்பளத்துக் கொட்டகைக்கும் தேடிப் பாருங்க. கெடைக்காததுனால எல்லாரும் கெடைக்குறத மேசையில வச்சு, கொளச்சல் கடற்கரையில நார்மண்டி வீடு நிக்குது. அத பாக்குறதுக்கு நான் அட்டையே வெட்டிக்கிட்டு இருப்பேன்.

கருங்கல்லுக்கு சாம்பல் கலர் அடிச்சேன், சிமென்ட் மாதிரி இருக்கு.
(அஞ்சுகிராமம்)

இருக்கத்தான் செய்யும். கறுப்புல கொஞ்சம் ப்ரௌன் கலந்து முழுசும் பூசுங்க, அங்கங்க ஒரு கல்லுக்கு நீலம் கலந்த சாம்பல், ஒரு கல்லுக்கு செம்மண் நிறம். பொறவு பிரஷ்ல பெயின்ட பேப்பர்ல தொடச்சுட்டு, காஞ்ச பிரஷ்ஷாலயே வெளிர் சாம்பல மேலாக்க தடவுனா கல் விளிம்பு மட்டும் எழும்பும். கடைசியில தண்ணியா கரைச்ச பச்சையும் கறுப்பும் மதில் அடியிலயும் தண்ணி ஒழுகுற எடத்துலயும் விடுங்க. நீங்க இருக்குறது வட்டக்கோட்டைக்குப் பக்கத்துல, சாயங்காலம் ஒரு நடை போய் பாத்துட்டு வந்து அடிங்க. வெள்ளைச் சுவருக்கும் இதே புத்தி, சுத்த வெள்ளை அடிக்காதீங்க, சுண்ணாம்புச் சுவரு லேசா மஞ்சளாத்தான் இருக்கும்.

1809ல திருவிதாங்கூர் வேலுத்தம்பி தளவாய் காலத்துல எங்க ஊர்க் கணவாயில நடந்த சண்டைய போடணும். மலையில இருந்து மலைக்கு மதில் ஓடுமே, அதை எப்படி செய்ய, எப்படி பஸ்ஸுல கொண்டு போக?
(ஆரல்வாய்மொழி)

இந்தத் தடவை வந்ததுலயே நல்ல கேள்வி இது. அந்த மதில் வரிசைய செயின்ட் லெஜர் தலைமையில வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1809 பிப்ரவரி 10ல பிடிச்சுச்சு, மேஜர் வெல்ஷ் ஆட்கள் தெற்குப் பக்கம் மலை மேல ராத்திரியோட ராத்திரியா ஏறி உள்ள இறங்குனதுலதான் வாசல் விழுந்துச்சு. அது விழுந்ததும் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய எதிர்ப்பு இல்லாமலே கைமாறிருச்சு. ஆக உங்க மேசையில மதில விட மலைதான் முக்கியம், ஆள் ஏற முடியுற சரிவா இருக்கணும், செங்குத்தா அழகுக்கு வச்சீங்கன்னா பொம்மை உருண்டு விழும், வெல்ஷ் ஏறவே முடியாது. மீன்பெட்டித் தெர்மாகோல படி படியா அடுக்குங்க, ஒவ்வொரு படியும் 30 மிமீ அகலம், மேல பழைய துணிய ஃபெவிகால்ல முக்கிப் போத்துனா பாறை மடிப்பு தானா வரும்.

மதில துண்டு துண்டாச் செய்யுங்க. ஒவ்வொண்ணும் 20 சென்டிமீட்டர், ரெண்டு முனையும் ஒரே உசரம், ஒரே தடிமன், அப்பதான் எதையும் எதோட வேணாலும் சேக்கலாம். நேர்த்துண்டு எட்டு, வாசல் ஒண்ணு, கொத்தளம் ரெண்டு, இடிஞ்சது ரெண்டு. முனையில சின்ன காந்தம் பதிக்கலாம், ஆனா எல்லாத்துக்கும் இடது முனையில வடக்கு, வலது முனையில தெற்குன்னு குறிச்சு வச்சுப் பதியுங்க. மலையில ஏறுற துண்டுக்கு மட்டும் அடிப்பாகம் தனியா சாச்சு வெட்டணும், மேல்விளிம்பு படி மாதிரி ஏறட்டும்.

கொண்டு போறதுக்கு ஏ4 பேப்பர் பெட்டி. 20 சென்டிமீட்டர்னு சொன்னதே அதுக்குத்தான், ரெண்டு அடுக்கா நிக்கும், நடுவுல பழைய சேலைத் துணி. மலைய மூணாப் பிரிச்சு தனிப் பையில கையில வச்சுக்கிடுங்க, பஸ்ஸுல மேல ரேக்குல மட்டும் வைக்காதீங்க, வில்லுக்குறி வளைவுல யாரோட தலையிலயாவது விழுந்தா நெச சண்டை வந்துரும்.